பதிவு எண் இல்லாத மூன்று கடிதங்கள்

தபால் நிலையக் கதவில் ஒட்டியிருந்த தாளின் மூலையில் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டைச் செருகி வெல்கோ மேல்நோக்கித் தள்ளினார். பசை இன்னும் காயவில்லை. தாள் பாதி உரிந்து வந்தது, பாதி கதவிலேயே நின்றது. உரிந்து வந்த பாதியில் அவருடைய மனைவியின் நெற்றியும் கண்களும் இருந்தன. மீதியை எடுக்க அவள் வாயின் மேல் தகட்டை ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டினார்.

இது பதினோராவது தாள். ரொட்டிக் கடையில் இரண்டு, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்து மதிலில் ஒன்று என்று காலை ஏழு மணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. நேற்று மாலை மகள் இஸ்க்ரா ஒட்டிய குடும்பத்தாரின் அஞ்சலித் தாள் அது. சின்னதாக, கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு படமும் மூன்று வரியும். அதை அவர் தொடவில்லை. அவள் வேலை பார்த்த மியூசியத்தார் இரவோடு இரவாக ஒட்டிய பெரிய தாளை மட்டும்தான் சுரண்டினார்.

ரொட்டிப் பையோடு வந்த ஸ்டாங்கா நின்றுவிட்டாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்காரி. நேற்று வெனெதாவைக் குளிப்பாட்டி உடுத்தியவர்களில் அவளும் ஒருத்தி.

"வெல்கோ அண்ணே, என்ன காரியம் பண்றீங்க? அவளை இன்னும் மண்ணுல வைக்கலை. அதுக்குள்ள மூஞ்சியைச் சுரண்டறீங்க."

"எங்க தாள் இருக்குல்ல, அங்க. அதைப் பாரு."

"ரெண்டுலயும் ஒரே மூஞ்சிதானே?"

"மூஞ்சி ஒண்ணுதான். கீழ என்ன எழுதியிருக்கான்னு படி."

ஸ்டாங்கா கண்ணாடி எடுத்து வரவில்லை. வெல்கோவே படித்தார், கோர்ட்டில் சம்மன் வாசிப்பதுபோல. "'நமது ஈய முத்திரைகளின் அன்புக் காவலர். முப்பத்தேழு ஆண்டுப் பணி. ஈடுசெய்ய இயலாத இழப்பு. இயக்குநரும் ஊழியர்களும்.' நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே இயக்குநர் ஒரு தாள் கொடுத்தான் அவளுக்கு. ஞாபகம் இருக்கா? 'பொறுப்பாளரின் கவனக்குறைவால் நானூற்றுப் பன்னிரண்டு முத்திரைகள் அழிந்தன.' அது உள்ள ஃபைல்ல இருக்கு. இது வெளிய கதவுல இருக்கு. நான் எதை நம்பணும்?"

"செத்தவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதறது வழக்கம்தானே."

"உயிரோட இருந்தப்போ எழுதியிருந்தா நானே பசை காய்ச்சிக் கொடுத்திருப்பேன்."

ஸ்டாங்கா ரொட்டிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சந்தைக் கேட்டுலயும் மூணு இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

*

நாலாவது மாடிக் கதவுக்கு வெளியே சவப்பெட்டியின் மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே முன்னறையில் வெனெதா கிடந்தாள். சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேல் போர்வை போட்டிருந்தது. கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் அக்ரோட்டும் கலந்து தட்டில் குவித்துக்கொண்டிருந்த இஸ்க்ரா தலையைத் தூக்கினாள். அவள் ரூசே நகரில் மருந்துக் கடை வைத்திருக்கிறாள். நேற்று விடியற்காலையில் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று கேட்டதும் வண்டியோட்டி வந்தவள், இன்னும் அந்தச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"எத்தனை?"

"பதினாலு."

"சந்தையில?"

"அதுவும் சேர்த்துத்தான்."

"கையைக் கழுவுங்கப்பா. பசையோட போய் அம்மாவைத் தொடாதீங்க."

அவர் கழுவிக்கொண்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்காரவில்லை. உள்ளறைக்குப் போய் அவளுடைய மேசை முன் நின்றார். வளையும் கழுத்துள்ள பூதக்கண்ணாடி விளக்கு, மென்மையான தூரிகைகள், சீவிய பென்சில்கள். கீழ் இழுப்பறையில் நீல உறை போட்ட நோட்டுகள் பதினொன்று.

கல்யாணமான புதிதில் அவருக்கு இந்த ஈய வில்லைகளைக் கண்டாலே ஆகாது. ரயில் நிலையத்தில் எட்டு மணி நேரம் வண்டிகளை அனுப்பிவிட்டு வருகிற மனிதனுக்கு, செத்து ஆயிரம் வருஷமான குமாஸ்தாக்களைப் பற்றி என்ன அக்கறை? அவள்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி அவரை இழுத்தாள். பைசாந்தியப் பேரரசுக்காரர்கள் கடிதத்தை மடித்து, நூலால் கட்டி, முடிச்சின் மேல் ஈய வில்லையை வைத்து இடுக்கியால் நசுக்கி அனுப்புவார்களாம். ஒரு பக்கம் புனிதர், மறுபக்கம் அனுப்பியவரின் பெயரும் பதவியும். டான்யூப் கரைக் கோட்டைக்கு வந்த கடிதங்களெல்லாம் மண்ணில் மக்கிப் போயின. முத்திரைகள் கிடந்தன. கடிதத்தில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எழுதியவன் யார், எந்தப் புனிதரை நம்பினான், யார் வீட்டில் பெண் எடுத்தான், எந்த வருஷம் மேலே ஏறினான் என்பது தெரியும். அரசர்களைப் பற்றி எழுதியவர்கள் விட்டுப்போன ஆட்கள் இவர்கள் என்பாள்.

"லியோவுக்குப் பதவி உயர்வு" என்று ஒரு நாள் சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். லியோ சுங்கச் சாவடிக் குமாஸ்தா. அவனுடைய மூன்று முத்திரைகள் மூன்று வேறு வயல்களில் கிடைத்திருந்தன. "முதல் ரெண்டுலயும் நிக்கோலாஸ் புனிதர். மூணாவதுல மிகயேல் தேவதூதர். தலைநகர்ல பெரிய இடத்து ஆளுங்க கும்பிடற சாமி."

"சாமியையே மாத்திட்டானா? துரோகி."

"மாமனார் மாத்தச் சொல்லியிருப்பார்."

"எந்த மாமனார்?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

ஒரு மாதம் கழித்து மாமனார் கிடைத்தார். அன்றைக்கு இருவரும் ஆளுக்கொரு கிண்ணம் பிளம் சாராயம் குடித்தார்கள். பிறகு மரியா என்று ஒருத்தி. கணவன் இறந்தபின் அவன் முத்திரையை ஒதுக்கிவிட்டுத் தன் பெயரிலேயே அடித்துக்கொண்டவள். நிலபுலனைத் தானே கட்டி ஆண்டிருக்க வேண்டும் என்று வெனெதா கணித்தாள். "விதவையை யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஊருக்குச் சொல்லியிருக்கா, பாரு" என்று அந்தச் சின்ன வில்லையின் வரைபடத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அந்த மரியா இப்போது இல்லை. லியோவும் இல்லை. வெள்ளைப் பொடியாகிவிட்டார்கள்.

*

இயக்குநர் பிரதானோவ் பத்து மணிக்கு மலர் வளையத்தோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல கறுப்பு கோட்டு. முறைப்படி மெழுகுவத்தி ஏற்றினார், குனிந்து வெனெதாவின் நெற்றியில் முத்தமிட்டார், "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார். முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. வெல்கோவின் முழங்கையைத் தொட்டு, "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சமையலறைப் பக்கம் கண்காட்டினார். இஸ்க்ராவும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னிக்குப் பேசக்கூடாது. எனக்கே தெரியுது" என்றார் பிரதானோவ். "ஆனா அச்சகத்துக்காரன் வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கங்களைக் கேக்கறான். முத்திரைத் தொகுதி நூல். அம்மையாரோட நோட்டு பதினொண்ணும் இல்லாம அந்த நூலே கிடையாது. வரைபடம், எடை, எந்த வயல்ல கிடைச்சதுங்கற விவரம், எல்லாம் அதுல மட்டும்தான் இருக்கு."

"அசலைப் பாத்து எழுத வேண்டியதுதானே" என்றார் வெல்கோ.

பிரதானோவ் ஜன்னலைப் பார்த்தார்.

"அசல் எங்க போச்சு? சொல்லுங்க. என் வீட்டு அடுப்பங்கரையில நின்னு சொல்லுங்க."

"ஐயா, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

"எனக்குத் தெரிஞ்ச கதை வேற. ஐரோப்பிய யூனியன்காரன் கொடுத்த காசுல நீங்க ஓக் மரத்துல அலமாரி செஞ்சீங்க. இரும்புல செய்யுங்கன்னு அவ சொன்னா. இரும்பு அலமாரி பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னீங்க. ஓக் மரம் உள்ளுக்குள்ள காடி மாதிரி ஆவி விடும், மூடின இழுப்பறையில அது ஈயத்தைத் தின்னும்னு சொன்னா. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். மூணு வருஷத்துல எல்லாம் மாவாப் போச்சு. இதுல அவ கவனக்குறைவு எங்க இருக்கு?"

"நூலை அம்மையாருக்கு அர்ப்பணம் பண்றோம். முதல் பக்கத்துலயே பேரு வரும்."

இஸ்க்ரா சிரித்தாள். "அர்ப்பணமா? எழுதினது அவங்க. அட்டையில யார் பேரு வருது?"

"தொகுப்பாசிரியர் குழுன்னு..."

"குழுவுல முதல் பேரு உங்களோடதா?"

வெல்கோ நாற்காலியை இழுத்துப் போட்டார், யாரும் உட்காரவில்லை.

"நோட்டு வேணுமா? இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்றார் வெல்கோ. "அந்தக் கவனக்குறைவுத் தாளை வாபஸ் வாங்குங்க. எழுத்துல. மியூசியம் முத்திரையோட. அதை அவ பெட்டியில வச்சு நான் மூடறேன். பதினொரு நோட்டும் உங்களுக்கு."

"என்னால முடியாதய்யா. அது விசாரணைக் கமிஷன் முடிவு. அவங்க தாளைத்தான் பாத்தாங்க."

"அம்மா மூணு கடிதம் எழுதினாங்க" என்றாள் இஸ்க்ரா. "அலமாரி வந்தப்புறம். உங்க கையிலயே கொடுத்தாங்க."

"பதிவேட்டுல அப்படி ஒண்ணும் வரலை. பதிவு எண் இருக்கா?"

இல்லை. வெல்கோவுக்கு அது தெரியும். நாலு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்த விஷயம் அதுதான். மாடியில் அலுவலகத்தில் கொடுத்து, எண் போட்டு, நகலில் முத்திரை குத்தி வாங்கியிருந்தால் யாராலும் மறுக்க முடியாது. வெனெதா நேராக இயக்குநர் அறைக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். கூட வேலை செய்கிறவரிடம் எண் கேட்பது அநாகரிகமாக இருக்கும் என்றாள். ஊர் பேர் தெரியாத குமாஸ்தாவின் முத்திரையை வாழ்நாள் முழுக்க வாசித்தவள், தன் கடிதத்துக்கு ஒரு முத்திரை வாங்கவில்லை. இதைச் சொல்லி அவர் அவளிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். அவள் சுட்ட குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். "போதும் வெல்கோ. சாப்பிடு."

"எண் இல்லேன்னா கடிதமே இல்லையா?" என்றார் இப்போது. "படிச்ச மனுஷன் பேசற பேச்சா இது?"

பிரதானோவின் முகம் மாறியது. இவ்வளவு நேரம் துக்க வீட்டுக்கான முகத்தை வைத்திருந்தார், அதைக் கழற்றிவிட்டார்.

"நான் இதை உங்ககிட்ட காட்டக்கூடாதுன்னு நினைச்சேன். நீங்க ஊரெல்லாம் எங்க தாளைக் கிழிச்சுட்டு வந்திருக்கீங்க. அதனால காட்டறேன்." கைப்பேசியை எடுத்து, தேடி, மேசைமேல் வைத்தார். "அலமாரி ஒப்புக்கொண்ட பத்திரம். 'மரம், பூச்சு, இழுப்பறைகள் ஈயப் பொருட்களை வைக்க ஏற்றவை எனப் பரிசோதித்து ஏற்றுக்கொள்கிறேன்.' கீழ அவங்க கையெழுத்து. கமிஷன் பாத்தது இதைத்தான். ஏத்தது இல்லைன்னு தெரிஞ்சவங்க ஏன் கையெழுத்துப் போட்டாங்க? நீங்களே சொல்லுங்க."

வெல்கோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார். அவள் கையெழுத்துதான். முழுப் பெயரையும் நிதானமாக எழுதுகிறவள், இதில் பாதியில் விட்டு ஒரு கோடு இழுத்திருந்தாள். பக்கத்தில் தேதி. 2011, செப்டம்பர் 14.

அவர் தேதியைத் திரும்பவும் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பன்னெண்டு மணிக்குப் பாதிரியார் வருவார்" என்றார். குரல் சன்னமாக இருந்தது. "போய் வெளிய நில்லுங்க."

*

ரயில்வேக்காரர்களுக்குக் கடற்கரையில் ஒரு ஓய்வு விடுதி இருந்தது. வார்னாவுக்கு வடக்கே. சேற்றுக் குளியல், முழங்கால் வலிக்குக் கைகண்டது. முறை வைத்துச் சீட்டு கொடுப்பார்கள். வெல்கோ அதற்கு நாலு வருஷம் காத்திருந்தார். சீட்டு வந்தால் குறித்த நாளில் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்தவனுக்குப் போய்விடும். குறித்த நாள் செப்டம்பர் 14. பதினொன்று இருபதுக்கு வண்டி.

பத்தரைக்கு அவர் இரண்டு பெட்டிகளோடு மியூசியம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெனெதா வெளியே வந்தாள், கையில் ஒரு தாள், காதுக்கு மேல் பென்சில்.

"வெல்கோ, நீ போ. நான் ரெண்டு நாள்ல வரேன். சோபியாலேருந்து ரசாயனக்காரர் வந்து அந்த மரத்தைப் பாக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"ரெண்டு நாள்ல வந்தா உன்னை உள்ளயே விடமாட்டான். ஜோடிச் சீட்டு."

"அப்போ இந்தத் தடவை விட்டுடலாமே."

"நாலு வருஷம், வெனெதா. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நாலு வருஷம் பிளாட்ஃபாரத்துல நின்னேன்."

"முத்திரையை நாளைக்கே அந்த அலமாரிக்கு மாத்திடுவாங்க. நான் இல்லேன்னா..."

"ஆயிரம் வருஷம் சேத்துல கிடந்த ஈயம். பத்து நாள் அலமாரியில கிடந்தா செத்துடுமா? கையெழுத்தைப் போட்டுட்டு வா. திரும்பி வந்து சண்டை போடு."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். அவள் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் கைப்பையோடு வந்தாள்.

கடலோரத்தில் பத்து நாளும் நல்ல வெயில். திரும்பி வந்தபோது முத்திரைகள் ஓக் இழுப்பறைகளுக்குள் போய், ரிப்பனும் வெட்டியாகிவிட்டது. அவள் முதல் கடிதத்தை எழுதினாள். பிறகு எட்டு வருஷம். கமிஷன், கவனக்குறைவுத் தாள், மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்த ஓய்வு. எட்டு வருஷமும் இந்த மேசையில் உட்கார்ந்து அவர் பிரதானோவைத் திட்டினார். எந்தப் பத்திரத்தை வைத்து அவளை மாட்டினார்கள் என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை.

"அப்பா" என்றாள் இஸ்க்ரா. சமையலறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். "அம்மா ஏன் அதுல கையெழுத்துப் போட்டாங்க?"

"கோதுமைத் தட்டை எடு" என்றார் வெல்கோ. "நேரமாச்சு."

*

மயானத்தில் பிரதானோவ் பேசினார். பேச வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் பேசினார். கையில் எழுதி வைத்த தாள் இருந்தது. ஆற்றிலிருந்து வந்த பனி கல்லறைகளுக்கிடையே இன்னும் கலையவில்லை.

"...மௌனமான ஈயத்தைப் பேச வைத்தவர். ஒரு குமாஸ்தாவின் ஆசையை, ஒரு விதவையின் துணிச்சலை நமக்கு மீட்டுக் கொடுத்தவர். தன் கண்ணைப்போலக் காத்த அந்த முத்திரைகளின்..."

வெல்கோ குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகப் போடுவது வழக்கம். அவர் வீசினார். பெட்டியின் மூடிமேல் அது விழுந்த சத்தத்தில் பேச்சு நின்றது. பாதிரியார் தலையைத் திருப்பினார்.

"போதும்" என்றார் வெல்கோ குழிவெட்டிகளிடம். "மூடுங்கப்பா."

குழிவெட்டிகளில் மூத்தவன் பிரதானோவைப் பார்த்தான், பாதிரியாரைப் பார்த்தான், பிறகு மண்வெட்டியைக் குத்தினான். பிரதானோவ் தாளை நான்காக மடித்தார். யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள், இந்தச் சங்கடத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றுவதுபோல. மூடிய மண்ணின்மேல் ஸ்டாங்கா சிவப்பு ஒயினைச் சிலுவைக் குறியாக ஊற்றினாள்.

வாசலில், வெளியே போகிறவர்கள் கைக்கு வீட்டார் தண்ணீர் ஊற்ற வேண்டும். இஸ்க்ரா துண்டைப் பிடித்துக்கொண்டாள். குடத்தை வெல்கோ வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள், நனைத்துக்கொண்டு போனார்கள். பிரதானோவின் முறை வந்தது. சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். வெல்கோ ஊற்றினார். மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட நிறைய ஊற்றினார். தண்ணீர் அவருடைய பளபளக்கும் காலணிமேல் சிந்தியது.

"நல்லாக் கழுவுங்க. ஈயப் பொடி லேசுல போகாது."

பின்னால் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. பிரதானோவ் துண்டை வாங்காமல் கையை உதறினார்.

"அந்தக் கையெழுத்து என்னோடதில்லை ஐயா" என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"நான் அவங்களை வற்புறுத்தவும் இல்லை. போட்டு எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க. அவங்களா."

"அதுவும் தெரியும்" என்றார் வெல்கோ. குடத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

*

மூன்று மணிக்கு வீட்டில் அப்பாவையும் மகளையும் தவிர யாரும் இல்லை. பீன்ஸ் சூப்புச் சட்டியை ஸ்டாங்கா தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். வெல்கோ கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் வெனெதாவின் மேசையில் உட்கார்ந்து நோட்டுகளை வெளியே எடுத்தார். நாலு வருஷமாக அதே வீட்டில் இருந்தும் அவர் அவற்றைத் திறந்ததில்லை. திறக்க வேண்டிய அவசியம் இருப்பதாக நினைத்ததில்லை.

முதல் எட்டு நோட்டிலும் முத்திரைகள். ஒன்பதாவதிலிருந்து வேறு விஷயம். பக்கத்துக்கு ஒரு முத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒரு வரி.

எண் 217. மிகயேல், படைத்தலைவர். மார்ச், 14.2 கிராம். மே, பொடி துடைத்தபின் 13.6. ஜூலை, 12.1. முகம் தெரிகிறது. செப்டம்பர், 9.8. முகம் இல்லை. நவம்பர், எடுக்க வரவில்லை.

எண் 304. மரியா, விதவை. அதே மாதிரி ஐந்து வரி. கடைசி வரியில், காகிதச் சீட்டு மட்டும்.

ஓரத்தில் சின்ன எழுத்தில் வேறு குறிப்புகள். 'மார்ச் 3. இயக்குநரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். சிரித்தார்.' 'மே 19. மீண்டும் சொன்னேன். புது அலமாரிக்குப் பணம் இல்லை என்றார்.' 'ஜூலை 7. இரும்புப் பெட்டி என் செலவில் வாங்கித் தருகிறேன் என்றேன். கண்காட்சியின் அழகு கெடும் என்றார்.'

"இது இருக்கு" என்று இஸ்க்ரா நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னாள். "இது அத்தனையும் இருக்கு அப்பா. இதை அந்தாளு கையில கொடுத்திருந்தா முதல்ல இந்த மூணு நோட்டைத்தான் அடுப்புல போட்டிருப்பான். சோபியா அறிவியல் அகாதெமிக்கு அனுப்பலாம். நாளைக்கே. நேர்ல போய், எண் வாங்கிட்டு வரலாம்."

"அனுப்பலாம்."

"ஆனா அந்தக் கையெழுத்து. அதைக் காட்டித்தானே திரும்பவும் பேசுவான்? ஏத்ததுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்கம்பான்."

வெல்கோ எட்டாவது நோட்டைத் திருப்பி 2011 செப்டம்பரைத் தேடினார். பதின்மூன்றாம் தேதி வரை ஒவ்வொரு நாளும் வேலைக் குறிப்பு. பதினாலாம் தேதிக்கு ஒரே வரி. அவர் அதைப் படித்தார். விரலால் தடவிவிட்டுத் திரும்பவும் படித்தார். 'கடல். பத்து நாள். வெல்கோவின் முழங்காலுக்கு நல்லது.'

நோட்டை மூடினார்.

"வெள்ளைத் தாள் கொடு" என்றார். "கோடு போட்டது வேண்டாம்."

முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு எழுதத் தெரிந்தது ஒன்றுதான். வண்டி தடம் புரண்டாலோ, சிக்னல் தவறினாலோ அன்றே எழுதி அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை. அதில் வருத்தம் எழுத இடமில்லை. நாள், மணி, நிமிஷம், இடம். உத்தரவு கொடுத்தவர் யார், நிறைவேற்றியவர் யார், சேதம் என்ன. அவர் மேலே ஊரின் பெயரையும் தேதியையும் எழுதினார். பிறகு நிறுத்தாமல் எழுதினார். ஓக் மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெயர். எச்சரிக்கை கொடுத்தவர் பெயர், நோட்டுப் பக்க எண்ணோடு ஒவ்வொரு தேதியும். கையில் கொடுத்த கடிதங்கள் மூன்று, பதிவு எண் இல்லை. சேதம், முத்திரைகள் நானூற்றுப் பன்னிரண்டு.

கையெழுத்து என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தெருவில் ஒரு லாரி பின்னோக்கிப் போகிற சத்தம் கேட்டது; அது நிற்கும் வரை அவர் அசையவில்லை. பிறகு எழுதி முடித்து, தாளைத் திருப்பி மகள் பக்கம் நகர்த்தினார்.

"டைப் அடி. உள்ளது உள்ளபடி."

இஸ்க்ரா மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டு, முதலில் முழுவதையும் படித்தாள். கீழே வந்ததும் அவள் கண்கள் நின்றன.

'ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திட்டவர், வெனெதா நெதேவா. உத்தரவின் பேரில். உத்தரவு கொடுத்தவர், கணவர் வெல்கோ நெதேவ். இடம், மியூசியத்தின் வெளிவாசல். நேரம், காலை 10.40. காரணம், 11.20 வண்டி.'

அவர் மேசைமேல் கிடந்த தூரிகைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார், பெரியதிலிருந்து சிறியதாக.

"நேரம் சரியாப்பா?" என்று கடைசியில் கேட்டாள்.

"சரிதான்."

அவள் தட்டத் தொடங்கினாள். நாலைந்து வரி போனபின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு அந்த வண்டி லேட்டா?"

"இல்லை" என்றார் வெல்கோ. "சரியான நேரத்துக்குக் கிளம்புச்சு."